சுயாதீன இயக்குநர்களிடமிருந்து திரைக்கதை எழுதக் கற்பது எப்படி?

கேள்வி: பாவும் ஊடையும்

அனைவருக்கும் வணக்கம். நான் குமாரபாளையத்தில் வளர்ந்தவள். என் தந்தை முப்பது ஆண்டுகள் விசைத்தறிக் கூடங்களில் கூலிக்குத் தறி ஓட்டியவர். வாங்கிய முன்பணம் தீராததால் ஒரே கூடத்தில் பதினோரு ஆண்டுகள் கட்டுண்டு கிடந்த அவருடைய வாழ்க்கையை ஒரு முழுநீளத் திரைக்கதையாக எழுதியிருக்கிறேன். இரண்டு ஆண்டு உழைப்பில் 138 பக்கங்கள் வந்துள்ளன. கதை 46 இடங்களில் நடக்கிறது. அதில் ஒரு மாரியம்மன் திருவிழாவும் ஒரு தீ விபத்தும் உண்டு. மூன்று அங்கங்களாகப் பிரிப்பது, இடைவேளைக்கு முன் ஒரு திருப்பம் வைப்பது என்று நூல்களில் படித்த விதிகளைப் பின்பற்றியே எழுதினேன்.

ஒரு தயாரிப்பு நிறுவனம் அதைப் படித்துவிட்டு, வேகம் போதாது என்று திருப்பி அனுப்பியது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது என் பள்ளித் தோழி சொன்னதுதான்: "உன் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும், இந்தப் பக்கங்களில் அவரைக் காணவில்லையே."

அதன் பிறகு சுயாதீனப் படங்களைத் தேடித்தேடிப் பார்த்து வருகிறேன். 'கூழாங்கல்' பார்த்த இரவில், நான் கற்ற விதிகளில் ஒன்றுகூட அதில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதையும், ஆனாலும் ஒரு கணம்கூட என்னால் பார்வையை விலக்க முடியவில்லை என்பதையும் உணர்ந்தேன். இத்தகைய படங்களை எடுத்தவர்களிடமிருந்து எழுத்தை எப்படிக் கற்பது? திரும்பத் திரும்பப் பார்த்தால் போதுமா, கட்டணம் செலுத்திப் பட்டறைகளில் சேர வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: வெட்டுமேசை

சகோதரிக்கு வணக்கம். நான் படத்தொகுப்புத் துறையில் இருப்பவன். உங்கள் பதிவில் என் கண் முதலில் நின்றது 46 என்ற எண்ணில்தான்.

அமெரிக்க இயக்குநர் ஜான் செய்ல்ஸ் இந்த விஷயத்தில் எனக்கு ஆசிரியர் போன்றவர். அவர் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனின் நிறுவனத்துக்காக 1978இல் வெளிவந்த 'பிரானா' போன்ற வணிகப் படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். அப்படி ஈட்டிய பணத்தைப் போட்டுத் தம் முதல் படமான 'ரிட்டர்ன் ஆஃப் தி செகாக்கஸ் செவன்' படத்தைச் சுமார் 60,000 டாலர் செலவில் எடுத்தார். கதையை எழுதி முடித்துவிட்டு அதற்கேற்ற ஆட்களையும் இடங்களையும் அவர் தேடிப் போகவில்லை. தம்மிடம் என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தார். நாடகக் குழுவில் உடன் பணியாற்றிய, திரைக்குப் புதியவர்களான, முப்பது வயதை ஒட்டிய நடிகர்கள் இருந்தார்கள். ஆகவே முப்பதைத் தொடும் பழைய நண்பர்கள் ஒரு வாரயிறுதியில் ஒரு வீட்டில் கூடுவதே கதையாயிற்று. கேமராவை விருப்பம்போல் நகர்த்திப் படமாக்க வசதி இல்லை. நகராத கேமராவின் முன் இரண்டே பேர் நெடுநேரம் பேசினால் படம் உறைந்துவிடும் என்பதால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிச் செல்லும் அளவுக்குப் பாத்திரங்களைப் பெருக்கி, காட்சிகளைச் சிறிதாக்கினார். படத்தைத் தொகுத்தவரும் அவரே என்பதால், அசைவை வெட்டுகளிலிருந்தே பெற முடியும் என்பதை எழுதும்போதே கணக்கில் எடுத்துக்கொண்டார்.

இதைச் செலவைக் குறைக்கும் உத்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் படத்தின் வடிவமே அவருடைய வசதிக்குறைவிலிருந்து பிறந்தது. பணம் இருந்திருந்தால் அவர் வேறொரு படத்தை எழுதியிருப்பார். அது இதைவிடச் சிறந்ததாக இருந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

பட்டறையில் சேருவதைப் பிறகு யோசிக்கலாம். இப்போது உங்கள் 46 இடங்களையும் ஒரு தாளில் எழுதி, அவற்றுள் நீங்கள் நாளைக் காலையே சென்று நிற்கக்கூடியவை எவை என்று குறியுங்கள். குறி விழாத இடங்களில் நடக்கும் காட்சிகள் இல்லாமல் உங்கள் தந்தையின் கதையைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். திருவிழாவும் தீ விபத்தும் அவருடைய வாழ்க்கையில் உண்மையிலேயே நடந்தவையா, அல்லது விதிகளுக்காகச் சேர்ந்தவையா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 2: சிறுகதை வாசகன்

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் தோழி சுட்டிய குறை இடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் தீராது என்று நினைக்கிறேன். சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றை எங்கிருந்து பார்ப்பது என்பதே அங்குள்ள சிக்கல்.

'கூழாங்கல்' படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் சகோதரி, கணவர் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுக் கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தார். அந்த நிகழ்வுதான் படத்துக்கு வித்து என்பதை இயக்குநரே நேர்காணல்களில் கூறியிருக்கிறார். அதை அப்படியே எழுதியிருந்தால் ஒரு பெண்ணின் துயரத்தைக் காட்டும் படம் கிடைத்திருக்கும். நாம் இரக்கப்பட்டுவிட்டு எழுந்து போயிருப்போம். அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். அந்த நடையைப் பெண்ணிடமிருந்து எடுத்து ஆணின் காலடியில் வைத்தார். மனைவியை அழைத்துவரக் கிளம்பிய குடிகாரத் தந்தையும் பள்ளியிலிருந்து இழுத்து வரப்பட்ட மகனும் வெயிலில் திரும்பி நடக்கிறார்கள். பேருந்துக்கு வைத்திருந்த பணத்தை மகனே கிழித்தெறிந்ததால்தான் நடக்க வேண்டியதாகிறது. தூரம், வெயில், தாகம் மூன்றும் மெய்யான நிகழ்விலிருந்து வந்தவை. ஆனால் தண்டனை பெறுபவர் மாறிவிட்டார். 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற படத்தின் திரைக்கதை முடிவுகளிலேயே பெரியது, கேமரா வருவதற்கு வெகுமுன்பே எடுக்கப்பட்ட இந்த ஒன்றுதான் என்பது என் கருத்து.

படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் இத்தகைய முடிவுகள் எளிதில் புலப்படா, ஏனெனில் படம் எடுக்கப்படாத வழிகளை மறைத்துவிடுகிறது. ஆகவே மூலத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்குமாறு பரிந்துரைக்கிறேன். அருண் கார்த்திக் இயக்கிய 'நசீர்', திலீப் குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை' என்ற சிறுகதையைத் தழுவியது. அமெரிக்க இயக்குநர் கெல்லி ரைகார்டின் 'வெண்டி அண்ட் லூசி' (2008), எழுத்தாளர் ஜான் ரேமண்டின் சிறுகதையிலிருந்து உருவாகி, அவ்விருவரும் சேர்ந்து எழுதிய படம். முதலில் கதையைப் படியுங்கள். படத்தைப் பார்க்காமல், நீங்களே பத்துக் காட்சிகளாக அதைப் பிரித்து எழுதுங்கள். அதன் பிறகு படத்தைப் பாருங்கள். உங்கள் பக்கங்களுக்கும் அந்தப் படத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு எந்தப் பட்டறையிலும் கிடைக்காத பாடமாக இருக்கும். பாலு மகேந்திரா 'கதை நேரம்' தொடருக்காகச் சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்ததும் இதே பாதைதான். அவற்றையும் இப்படியே பயிலலாம்.

'வெண்டி அண்ட் லூசி'யில் ஒரு காட்சியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். கார் பழுதாகி, நாயையும் தொலைத்துவிட்டு, கையிருப்பைக் குறிப்பேட்டில் எழுதி எழுதிச் செலவழிக்கும் அந்த இளம்பெண்ணின் கையில், முதிய காவலாளி ஒருவர் மடித்த நோட்டுகளைத் திணித்துவிட்டுப் போகிறார். அவர் போன பிறகு பிரித்துப் பார்த்தால், சில டாலர்களே இருக்கின்றன. அவர் எவ்வளவு ஏழை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்கு முன்பே அவள் ஒவ்வொரு டாலரையும் எண்ணுவதை நாம் பார்த்துவிட்டதால், அந்தச் சிறு தொகையின் கனம் நமக்குத் தானே தெரிகிறது. முன்பணத்தைப் பற்றி எழுதும் உங்களுக்கு இந்தக் காட்சி பயன்படும்.

மறுமொழி 3: ஒத்திகை

ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். சுயாதீனப் படங்களைப் பார்த்து எழுதத் தொடங்கும் இளைஞர்கள் பலர், அவை எழுதப்படாமலே படப்பிடிப்பில் உருவானவை என்று நம்பிவிடுகிறார்கள். நானும் அப்படி நம்பி இரண்டு குறும்படங்களை வீணாக்கியிருக்கிறேன்.

அமெரிக்க இயக்குநர் ஜான் கசவெட்டிஸின் 'ஷேடோஸ்' படத்தின் முடிவில், நீங்கள் பார்த்தது முன்தயாரிப்பின்றி நடித்துக்காட்டியது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. உண்மையில் முதலில் எடுத்த வடிவம் அவருக்கே நிறைவளிக்காததால், புதிதாக எழுதிய காட்சிகளைப் படமாக்கிச் சேர்த்த பிறகே 1959இல் இன்று நாம் காணும் வடிவம் உருவாயிற்று. பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீ எழுதப்பட்ட திரைக்கதை இல்லாமல் தொடங்குபவர் என்பது சரியே. ஆனால் அவர் நடிகர்களோடு மாதக்கணக்கில் ஒத்திகை நடத்தி, ஒவ்வொருவரும் தம் பாத்திரத்துக்குத் தெரிந்ததை மட்டுமே அறியும்படி வைத்து, அதிலிருந்து காட்சிகளைச் செதுக்கி நிலைநிறுத்திய பிறகே கேமராவை இயக்குகிறார். சட்டத்துக்குப் புறம்பாகக் கருக்கலைப்பு செய்துவரும் ஒரு தாயைப் பற்றிய அவருடைய 'வேரா டிரேக்' படத்தின் ஒத்திகையில், குடும்பத்தினராக நடித்தவர்களுக்கு, காவலர்கள் கதவைத் தட்டும்வரை அந்தத் தாயின் இரகசியம் தெரியாது. அதுவும் எழுத்துதான்; தாளுக்குப் பதில் மனிதர்களைக் கொண்டு செய்யப்பட்ட எழுத்து.

ஒரு காட்சியில் யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்ற பட்டியலை உங்கள் 138 பக்கங்களுக்கும் தயாரித்துப் பாருங்கள். உங்கள் தந்தையின் கடன் எவ்வளவு என்பது உங்கள் தாய்க்குத் தெரியுமா?

கேள்வி கேட்டவர்: பாவும் ஊடையும்

மூவருக்கும் என் நன்றி. இந்தப் பத்து நாட்களாக வேறெதையும் செய்யவில்லை.

திருவிழாவும் தீ விபத்தும் நான் சேர்த்தவை, இரண்டையும் நீக்கிவிட்டேன். நாளைக் காலையே சென்று நிற்கக்கூடிய இடங்கள் மொத்தம் ஐந்து. அவற்றுள் ஒன்று அப்பா வேலை பார்த்த கூடம். அங்கே போய் ஒரு முழு ஷிப்ட் உட்கார்ந்திருந்தபோதுதான், என் திரைக்கதையின் அடிப்படைப் பிழை புரிந்தது. நான் எழுதிய கூடத்துக் காட்சிகளில் எல்லோரும் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். மெய்யான கூடத்தில் தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரின் குரல்கூடக் கேட்பதில்லை. அம்மா தூக்குப்போசியோடு உள்ளே வந்தால் அப்பாவின் தோளைத்தான் தொடுவார். நூல் அறுந்தது, பாவு தீர்ந்தது, முதலாளி வருகிறார் என எல்லாவற்றுக்கும் கைச்சாடைதான். என் தந்தையை நான் பேசவைத்ததால்தான் அவர் அந்தப் பக்கங்களில் இல்லாமல் போனார்.

கடன் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டேன். அப்பா இறந்த பிறகுதான் முழுத்தொகையும் தெரிந்தது என்றார். ஆகவே ஒரு புதிய காட்சியை யோசித்திருக்கிறேன். அம்மா சோற்றோடு வந்து நிற்கும் நேரத்தில் மின்சாரம் நின்றுவிடுகிறது. எல்லாத் தறிகளும் ஓய்ந்து, முதல்முறையாக ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும் நிலை வருகிறது. அந்தச் சில நிமிடங்களில் அப்பா கடனைச் சொல்லிவிட வேண்டுமா, வேண்டாமா என்பதில் தடுமாறுகிறேன்.

மறுமொழி 4: வெட்டுமேசை

சொல்லத் தொடங்கட்டும். தொகையைச் சொல்லும் முன் மின்சாரம் திரும்பி வரட்டும். அவர் வாக்கியத்தை முடிக்கிறார், உதடுகள் அசைவதை நாம் பார்க்கிறோம், அம்மா தலையசைக்கிறார். ஆனால் அவருக்கு என்ன கேட்டது என்பது நமக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. இப்படி அமைத்தால், உண்மையை அவர் மறைக்கவில்லை என்பதும் அம்மா அறியவில்லை என்பதும் ஒருசேர நிற்கும். ஒத்திகை நண்பர் கேட்ட கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

இந்தக் காட்சியை எழுதும் முன் மீண்டும் கூடத்துக்குச் சென்று, மின்சாரம் நிற்கும்போது தறிகள் ஒவ்வொன்றாக எப்படி அடங்குகின்றன, திரும்பி வந்ததும் எந்த வரிசையில் அவற்றை ஓட்டத் தொடங்குகிறார்கள் என்பதைக் கைபேசியில் ஒலியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'நசீர்' படத்தில் ஒலிபெருக்கிகளிலிருந்து வரும் பேச்சுகள் எப்படிக் கதையின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்து, முடிவில் முன்னே வந்து நிற்கின்றன என்பதையும் ஒருமுறை கவனியுங்கள். பேச எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று உங்கள் பதிவைக் கொண்டு அளந்துவிட்டு, அந்த நேரத்துக்குள் அடங்கும் அளவுக்கு மட்டும் அவருக்கு வசனம் எழுதுங்கள்.