பின்னால் போனது புழு இல்லை

புழுவின் அசைவைக் கையால் எண்ணிப் பழகியவர்களுக்குத்தான் ட்ராக்கரின், அதாவது அதைக் கேமராவில் பார்த்துக் கணக்கிடும் சாஃப்ட்வேரின், அருமை தெரியும். ஒரு சொட்டுத் திரவத்தில் புழுவை விட்டால் உடலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து அடிக்கும். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு அடிக்கும் கவுன்ட்டரைத் தட்ட வேண்டும். இருபதாவது புழு வரும்போது கண் எரியும். ஒரே புழுவை நானும் லேப் தோழியும் எண்ணினால் இரண்டு கணக்கு வரும்.

எங்கள் புழு சி. எலிகன்ஸ். முழுதாக வளர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர்தான். இருபால் புழுவில் 302 நரம்பணுக்கள். அவை ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்ற வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. அதனால் நடையில் ஒரு கோளாறு தெரிந்தால், அது எந்த நரம்பில், எந்தத் தசையில் என்று தேடிப் போக முடியும். இந்தப் புழுவை மரபியல் ஆய்வுக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னர் 1974-ல் வெளியிட்ட மியூட்டன்ட்களில், அதாவது மரபணு மாறிய புழுக்களில், பெரும்பங்கு ஒழுங்காக நகரத் தெரியாதவைதான்.

அப்புறம் லேப்புக்குக் கேமராவும் சாஃப்ட்வேரும் வந்தன. நீல ஒளி பட்டால் புழு விலகி ஓடும் என்பதால் சிவப்பு விளக்கு வைத்தோம். புழுவின் வெளிக்கோட்டை நிரல் வரையும், கூர்மையான இரு முனைகளைக் கண்டுபிடிக்கும், நடுவே முதுகெலும்பு போல ஒரு கோடு இழுக்கும். அதன்பின் வேகம், வளைவு, முன்னே போனதா பின்னே போனதா என்று எல்லாமே எண்ணாக வந்துவிடும். ஒரே பிளேட்டில், அதாவது புழுக்களை வைக்கும் மூடி போட்ட தட்டில், பல புழுக்கள், ஒரே நேரத்தில். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே.

மந்தமாக நகரும் ஒரு மியூட்டன்ட்டை ஓட்டினோம். அது அடிக்கடி பின்னால் போகிறது என்றது ட்ராக்கர். சாதாரணப் புழுவைவிடப் பல மடங்கு. எல்லோருக்கும் சந்தோஷம். பின்னால் போவதை நடத்தும் நரம்புகள் எவை என்று தெரியும் என்பதால், கதையும் அழகாகப் பொருந்தியது.

மறுவாரம் ஆய்வுக் கட்டுரையில் போடும் படத்துக்காக ஒரு நல்ல வீடியோ தேடி உட்கார்ந்தேன். புழு மெதுவாக முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது. சுருண்டு தன் உடலையே தொட்டது. அந்த ஃப்ரேம்களில் நடுக்கோடு காணாமல் போனது. சுருள் பிரிந்ததும் கோடு திரும்ப வந்தது, ஆனால் தலையைக் காட்டும் புள்ளி வாலில் உட்கார்ந்திருந்தது. மெலிந்து நீண்டு முடியும் அந்த முனை வால் என்பது பார்த்தவுடனே தெரியும். நிரலுக்கு அது தெரியாது. எந்த முனை அதிகம் ஆடுகிறதோ அதையே தலை என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் மியூட்டன்ட் தலையை ஆட்டுவதே அரிது.

எல்லா வீடியோவையும் மறுபடி பார்த்து, புள்ளி மாறிய இடங்களைக் கையால் திருத்தினேன். ஒன்பது நாள் ஆனது. பின்னால் போகும் கணக்கு சாதாரணப் புழுவின் அளவுக்கே இறங்கிவிட்டது. வேகக் குறைவு மட்டும் அப்படியே நின்றது, அதைத்தான் எழுதினோம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இன்னொன்று. பிளேட்டைக் கேமராவுக்கு அடியில் வைத்த உடனே பதிவைத் தொடங்காதீர்கள். மேசை சற்றே அதிர்ந்தாலும் புழு பின்வாங்கும், அது உண்மையான பின்வாங்கல். நான் மூடியில் நீர் கோத்திருந்தால் துடைத்துவிட்டு, சிறிது நேரம் விட்டு, அவை பழைய நடைக்குத் திரும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துகிறேன்.