போல்கார் சகோதரிகளின் மேதைமை: பிறப்பா, வளர்ப்பா?

கருங்குதிரை:
ஆரோக்கியமான எந்தக் குழந்தையையும் முறையாகப் பயிற்றுவித்து மேதையாக்கிவிடலாம் என்றும், ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டின் போல்கார் குடும்பமே அதற்குச் சான்று என்றும் ‘ஓய்வுபெற்ற ஆசிரியர்’ நேற்று தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். லாஸ்லோ போல்காரும் கிளாராவும் தங்கள் மூன்று மகள்களையும் வீட்டிலேயே வைத்துச் சதுரங்கம் கற்பித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வீட்டில், அதே தந்தையிடம் கற்ற இளையவர் ஜூடித், ஆட்டத்திறனை அளக்கும் தரப்புள்ளிகளில் 2735 வரை சென்றார். நடுவிலவர் சோபியா 2505-க்கு மேல் செல்லவில்லை, சதுரங்கத்தின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பெறவில்லை. வளர்ப்பே எல்லாம் என்றால், இடையில் உள்ள 230 புள்ளிகளை யார் வைத்தார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுவது நல்லது. லாஸ்லோ பெரிய ஆட்டக்காரர் அல்லர். ஆகவே சதுரங்கத் திறமை இரத்தத்தில் வந்தது என்று சொல்ல வழியே இல்லை. மூத்தவர் சூசன் நான்கு வயதில், பதினொரு வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான புடாபெஸ்ட் போட்டியில் பத்து ஆட்டங்களையும் வென்றார். தாங்கள் ஏளனம் செய்யும் சோபியாவோ 1989-இல், தம் 14-ஆம் வயதில், கிராண்ட்மாஸ்டர்கள் பலர் ஆடிய ரோம் போட்டியில் ஒன்பதுக்கு எட்டரைப் புள்ளி எடுத்தவர். இதைத் தோல்வி என்பவருக்குச் சதுரங்கமும் தெரியாது, பிள்ளை வளர்ப்பும் தெரியாது.

கருங்குதிரை:
சோபியாவைத் தோல்வி என்று நான் எந்த வரியில் எழுதினேன்? அவர் ஜூடித் ஆகவில்லை என்றுதான் எழுதினேன். ரோமில் அப்படி ஆடியவர் பிறகு ஏன் மேலே செல்லவில்லை என்பதைத்தான் கேட்கிறேன். அதற்கு விடை சொல்லாமல் ரோமையே திரும்பக் காட்டுகிறீர்கள். தந்தை நன்றாக ஆடாததால் மரபுக்குப் பங்கில்லை என்பது அதைவிட வேடிக்கை. நினைவாற்றலும் பொறுமையும் சதுரங்கம் ஆடாதவருக்கும் இருக்கக்கூடும். அவை பிள்ளைகளுக்கும் வரக்கூடும். மரபணுவைக் கொடுத்தவர்களே வீட்டையும் கொடுத்திருக்கும்போது, எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல உங்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மேலும், நான் உங்கள் தம்பி அல்லன். இரட்டையர் ஆய்வைப் பற்றிய சென்ற விவாதத்திலும் சரக்குத் தீர்ந்தவுடன் நீங்கள் உறவு கொண்டாடியதை மறக்கவில்லை.

வெண்சிப்பாய்:
‘அதே வீடு’ என்று இருவருமே எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். 1969-இல் பிறந்த சூசனுக்கு ஆட்டத்தைக் காட்ட அக்காள் யாரும் இல்லை. 1976-இல் பிறந்த ஜூடித்துக்கோ வீட்டிலேயே இரண்டு வலுவான எதிராளிகள் இருந்தார்கள். அவர் 1991-இல், 15 வயது நான்கு மாதங்களில் கிராண்ட்மாஸ்டராகி, மிக இளம் வயதில் அப்பட்டம் பெற்றவர் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்ததில் அதற்குப் பங்கில்லையா?

கருங்குதிரை:
அப்படியானால் நடுவில் பிறந்த சோபியாவுக்கும் ஓர் அக்காள் இருந்தாரே! அக்காள் இல்லாத சூசன் கிராண்ட்மாஸ்டர் ஆனார், அக்காள் இருந்த சோபியா ஆகவில்லை. நம் சென்னையையே பாருங்கள். வைஷாலிதான் முதலில் பலகைமுன் அமர்ந்தார், தம்பி பிரக்ஞானந்தா அவரைப் பார்த்துத்தான் வந்தார். தம்பி 2018-இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், அக்காள் அப்பட்டத்துக்குத் தேவையான 2500 புள்ளிகளைத் தாண்டியது 2023 இறுதியில், 22 வயதில். ஒரே குடும்பம், ஒரே பயிற்சியாளர்.

வெண்சிப்பாய்:
நான் சொன்னதற்கே சான்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னையே வென்றதாக நினைக்கிறீர்கள். இளையவர் முந்தினார் என்பதுதானே என் வாதம்? ஒரு சிறுமிக்குக் கிடைக்கும் போட்டிகளும் ஆதரவும் சிறுவனுக்குக் கிடைப்பவைதாமா என்ற கேள்வி உங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

மொட்டைமாடி:
ஐயா, ‘மேதை’ என்று எவரைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமா?

கருங்குதிரை:
அதைப் பிறகு பார்க்கலாம். அர்ஜென்டினாவின் சதுரங்க ஆட்டக்காரர்களைப் பற்றி உளவியலாளர்கள் கோபே, காம்பிடெல்லி ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கிராண்ட்மாஸ்டருக்குக் கீழ்நிலையான மாஸ்டர் தரத்தை அடைய ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 மணி நேரப் பயிற்சியே போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. ஏறத்தாழ எட்டு மடங்கான இந்த வேறுபாட்டையும் வளர்ப்பின் கணக்கிலேயே எழுதிவிடுவாரா ஆசிரியர்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
3,000 மணி நேரம்கூட உட்காராமல் மாஸ்டர் ஆனவர் எவரும் அதில் இல்லையே, அதைக் கவனித்தீர்களா? நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு நீங்கள் ஆய்வுக் கட்டுரை படித்துக் காட்ட வேண்டியதில்லை. ‘இவனுக்குப் பிறவியிலேயே வராது’ என்று உங்களைப் போன்றவர்கள் ஒதுக்கிய பிள்ளைகளுக்குத்தான் இன்றும் என் வீட்டு மாடியில் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறேன்.

கருங்குதிரை:
உங்கள் மாடியை யாரும் குறை சொல்லவில்லை. டச்சுச் செல்வந்தர் ஒருவர், ஏழை நாட்டுச் சிறுவர்கள் மூவரைத் தத்தெடுத்து இதே சோதனையை மீண்டும் நடத்தும்படி லாஸ்லோவிடம் கேட்டார். கிளாரா வேண்டாம் என்றதால் அது நடக்கவில்லை. உங்கள் கூற்றைச் சோதித்திருக்கக்கூடிய முயற்சி அதுதான். அது நடக்காதவரை உங்களிடம் இருப்பது ஒரே ஒரு குடும்பம், அதற்குள்ளும் விளக்க முடியாத ஒரு சோபியா.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மூவரில் ஒருவர் உலகின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார், இருவர் கிராண்ட்மாஸ்டர்கள், மூன்றாமவர் அதற்கு அடுத்த நிலைப் பட்டமான சர்வதேச மாஸ்டர். இப்படி ஒரு வீட்டைப் பயிற்சியே இல்லாமல் நீங்கள் காட்டுங்கள், தம்பி, பிறகு பேசலாம்.