வாசிகசாலையின் அரசியல் புத்தகங்களைப் பூட்டி வைக்கலாமா?

கோண்டாவில் வாசகி:
போன ஞாயிறு எங்கள் ஊர் வாசிகசாலை நிர்வாகக் கூட்டம். புரட்சி, ஆயுதப் போராட்டம், இயக்க வரலாறு பற்றிய புத்தகங்கள் இருக்கும் அலுமாரியைப் பூட்டிவிட வேண்டும் என்றார் ஒருவர். 2024 டிசம்பரில் நியூயோர்க் தெருவில் மருத்துவக் காப்புறுதி நிறுவனத் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார் அல்லவா, அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இளைஞர், தபாலில் குண்டு அனுப்பிக் கொலை செய்த கசின்ஸ்கியின் அறிக்கைக்கு ஒரு வாசகர் தளத்தில் நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அதைக் காட்டி, "எல்லாம் வாசிப்பில்தான் தொடங்குகிறது" என்றார். எனக்கு அன்று இரவு நித்திரையே வரவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 புத்தகங்களை நெருப்புக்குக் கொடுத்த ஊர் இது. இங்கே நாங்களே அலுமாரிக்குப் பூட்டு வாங்குவதா?

அச்சுவேலி அண்ணை:
அந்த யோசனையைச் சொன்னது நான் இல்லை, ஆனால் ஆதரிக்கிறேன். நூலக எரிப்பை இதற்குள் கொண்டு வராதீர்கள் தங்கச்சி. எரிப்பது வேறு, பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது என்று யோசிப்பது வேறு.

என் மூத்த அண்ணனுக்கு 1984 இல் பதினெட்டு வயது. றோனியோ செய்த பிரசுரங்கள், மொஸ்கோவில் அச்சான மலிவுப் புத்தகங்கள், எல்லாம் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் வாசிப்பான். ஆறு மாதம் வாசித்தான். ஒருநாள் விடிய அவனுடைய சைக்கிள் மட்டும் சங்கக்கடை வாசலில் நின்றது. அவன் திரும்பி வரவில்லை. புத்தகம் ஆளை மாற்றாது என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சுன்னாகம் ரீச்சர்:
அண்ணை, உங்கள் இழப்புக்கு முன்னால் வாதாடக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடக்காமல் இருந்திருந்தால், தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் வராமல் இருந்திருந்தால், அதே புத்தகங்களை வாசித்துவிட்டு அவர் பரீட்சை எழுதப் போயிருக்க மாட்டாரா? கோபம் முதலே இருந்தது. புத்தகம் அதற்குச் சொல் கொடுத்தது.

இன்றைக்கு அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2018 இல் அம்பாறையில் முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று வதந்தி. அடுத்த சில நாட்களில் கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஆட்களைத் திரட்டியதில் முகநூலுக்குப் பெரிய பங்கு இருந்தது, 2020 இல் அந்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்கு முன், அவற்றுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் பேச்சுகள் முகநூலிலும் யூரியூப்பிலும் தமிழில்தான் ஓடின. அதே வருடம் மார்ச் 15 கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனுக்கு, தீவிரவாதத் தளங்களைவிட யூரியூப்தான் முக்கியமான ஊற்றாக இருந்தது என்று நியூசிலாந்து அரச விசாரணைக் குழு எழுதியது. இதில் எதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவது?

அச்சுவேலி அண்ணை:
கசின்ஸ்கி மின்சாரமே இல்லாத குடிசையில் இருந்தவன், ரீச்சர். யூரியூப் பார்த்தா குண்டு செய்தான்? கணிதப் பேராசிரியர், நன்றாக வாசித்த மனிதன். மூன்று பேரைக் கொன்றான்.

கரவெட்டிப் பெடியன்:
நான் வளாகத்தில் இரண்டாம் வருடம். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு பழைய அரசியல் உரையைத் தேடிப் பார்த்தேன். அடுத்த ஒரு வாரம் ரிக்ரொக்கிலும் யூரியூப்பிலும் அதே ஆட்கள், அதே இசை, அதே கோபம். மறுத்துப் பேசும் ஒரு வீடியோகூட வரவில்லை. புத்தகம் என்றால் ஐம்பதாம் பக்கத்தில் எழுதியவரோடு எனக்குச் சண்டை வந்துவிடும், புத்தகத்தை மூடிவிட்டு யோசிப்பேன். நாற்பது செக்கன் வீடியோவில் யோசிக்கத் தொடங்கும் முன் அடுத்தது வந்துவிடுகிறது. சரி, ஒருநாள் கீழே மாற்றுக் கருத்து எழுதிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் முன்னூறு பேர். எல்லோரும் ஒரே சொல்: துரோகி.

கோண்டாவில் வாசகி:
தம்பி, அந்தச் சொல்லைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். யாழ்ப்பாண மேயர் துரையப்பாவை மேடைகளில் துரோகி என்றார்கள். 1975 ஜூலை 27 அன்று பொன்னாலைக் கோயிலடியில் சுட்டார்கள். மேடையில் பேசியவர்கள் துவக்கைத் தொடவில்லை, ஆனால் சுட்டவர்களுக்குத் தயக்கம் இல்லாமல் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மின்கம்பங்களில் எத்தனை பேரின் கழுத்தில் அந்தச் சொல்லை எழுதித் தொங்கவிட்டார்கள்! அன்றைக்குப் பேச ஒரு மேடையாவது போட வேண்டியிருந்தது. இன்றைக்கு லண்டனிலோ ரொறன்ரோவிலோ கதிரையில் இருந்துகொண்டு, பெயரே இல்லாத கணக்கில் எழுதலாம். இதுதான் எனக்குப் பயம். அலுமாரியில் தூசி படிந்து நிற்கும் லெனினைப் பார்த்து எனக்குப் பயம் இல்லை.

அச்சுவேலி அண்ணை:
வாதாடினால் சரி என்கிறீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீட விரிவுரையாளர் ராஜினி திராணகம வாதாடினார். எல்லாத் தரப்பின் கொலைகளையும் எழுதினார். 1989 செப்டெம்பர் 21, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டார்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டோம். நானும்தான்.

முருங்கன் வாசகன்:
பூட்டச் சொல்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்று. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். சான்றாகக் காட்டியவற்றில் அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பும் ஒன்று. அதில் தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகளும் இருந்தன, பொலிசுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. நாங்களே ஆபத்தான புத்தகப் பட்டியல் போட்டால், நாளைக்கு அந்தப் பட்டியலோடு பொலிஸ் எங்கள் பிள்ளைகளின் மேசையைத் தேடும்.

சுன்னாகம் ரீச்சர்:
கசின்ஸ்கி பற்றி ஒன்று விட்டுவிட்டேன். 1995 இல் அவனுடைய அறிக்கை பத்திரிகையில் வந்ததும், இது அவன் எழுத்துத்தான் என்று அடையாளம் கண்டது தம்பியும் தம்பியின் மனைவியும். வீட்டுக்கு வந்த கடிதங்களை வாசித்திருந்தார்கள், அதனால் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் என்ன வாசிக்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அண்ணை, உங்கள் அண்ணன் வாசித்தவற்றில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

அச்சுவேலி அண்ணை:
ஒரு பிரசுரம் இருக்கிறது. 95 இடப்பெயர்விலும் அம்மா சேலைகளுக்குள் வைத்துக் கொண்டு திரிந்தார். பக்க ஓரங்களில் அவன் பென்சிலால் கேள்விகள் எழுதியிருக்கிறான். பதினொரு கேள்விகள். அய்யா ஒருமுறை அதைப் பறித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கேள்விகளை வாசித்தாரோ தெரியாது, அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

ஞாயிறு கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். பெடியன்கள் இருந்தால் வாசித்துக் காட்டலாம். அலுமாரிக்கு மட்டும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.