புதுப்பிப்பு: இறுகிப்போன பழைய மாடல் விமான எஞ்சின் இப்போது சுழல்கிறது

மாமாவின் பழைய 40 அளவு (0.40 கன அங்குல) குளோ எஞ்சின், அதாவது மெத்தனால் எரிபொருளில் ஓடும் சின்ன மாடல் விமான எஞ்சின், பிஸ்டன் அசையாமல் இறுகிக் கிடக்கிறது, உடைக்காமல் எப்படி விடுவிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு கீறலும் இல்லாமல் விடுபட்டுவிட்டது.

பலன் தந்தது, சூடு காட்டச் சொன்ன திருகோணமலை அண்ணாவின் யோசனை. துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே விட்டு இரவு முழுக்க வைத்தும் அசையவில்லை. பிஸ்டனைப் பிடித்திருந்தது துரு இல்லை, எரிபொருளில் கலக்கும் ஆமணக்கெண்ணெய். நெடுநாள் கிடந்தால் அது பிசினாக இறுகிவிடும், சூட்டுக்குத்தான் இளகும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) சற்றுத் தள்ளிப் பிடித்து சிலிண்டரைச் சுற்றிச் சூடாக்கினேன். தண்ணீர்த் துளி பட்டதும் சீறியது. அப்போது தடித்த கையுறையோடு புரொப்பெல்லரைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். முதலில் மயிரிழை அளவுதான் நகர்ந்தது. எக்ஸோஸ்ட் துவாரத்தால் பழுப்பு எண்ணெய் கசிந்தது, அப்புறம் முழுச் சுற்று வந்துவிட்டது. அந்த நேரத்துச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!

தயவுசெய்து பிளையர்ஸ் போட்டு முறுக்காதீர்கள், பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

எதிர்பாராத ஒன்று: கிராங்க் தண்டைத் தாங்கும் பின்பக்க பெயாரிங்கில் துரு. எரிபொருளில் உள்ள மெத்தனால் ஈரத்தை இழுக்கும், மட்டக்களப்பு கல்லடியில் கடற்காற்று வேறு. கிராங்க்கேஸை (எஞ்சினின் அடிக்கூடு) சூடாக்கி மரப்பலகையில் தட்ட, பெயாரிங் தானாக விழுந்தது. அதன் விளிம்பில் பொறித்திருந்த இலக்கத்தைக் காட்டியே மட்டக்களப்பு டவுனில் புதியது வாங்கினேன்.