சின்னமனூர் சொந்தங்கள் குழு: சண்டையில் யார் ஜெயிப்பார், எண்களைக் கேட்கலாமா?

கவின்: எல்லாருக்கும் ஒரு செய்தி. கடைசி வருட ப்ராஜெக்டுக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது. யுஎஃப்சி என்கிற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியின் சண்டைகளில் யார் ஜெயிப்பார் என்று புள்ளிவிவரத்தை வைத்துக் கணிப்பது. நிவேதா அக்கா, உங்கள் உதவி கண்டிப்பாக வேண்டும்.

சுமதி அத்தை: அந்தக் கூண்டுக்குள் நின்று அடித்துக்கொள்வார்களே, அதுவா? பணம் கட்டுகிற விஷயம் எதுவும் இதில் இல்லையே கவின்?

கவின்: இல்லவே இல்லை அத்தை. படிப்புக்காக மட்டும்தான்.

முருகேசன் மாமா: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டுவிட்டது. அந்தப் பக்கமே போக வேண்டாம் மாப்பிள்ளை. கணக்கு மட்டும் என்றால் நானும் வருகிறேன்.

அரவிந்த்: நான் ஜிம்மில் இந்தக் கலையைத்தான் பழகுகிறேன், அதனால் சொல்கிறேன். இதை எண்ணில் அடக்க முடியாது. 2022 ஆகஸ்ட், சால்ட் லேக் சிட்டி. சாம்பியன் கமாரு உஸ்மானுக்கு எதிராக லியோன் எட்வர்ட்ஸ். நாலு ரவுண்ட் முடிந்தபோது மூன்று நடுவர்களுமே உஸ்மானுக்கு 39-37 என்று முன்னிலை கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது ரவுண்டில் ஒரு நிமிடம்கூட பாக்கி இல்லை. எட்வர்ட்ஸ் இடது கையால் குத்துவது போலக் காட்டி, அதே பக்கக் காலைத் தலைக்கு வீசினார். உஸ்மான் அப்படியே மல்லாந்து விழுந்தார். எந்த எக்செல் இதைச் சொல்லியிருக்கும்?

நிவேதா அக்கா: எந்த எக்செல்லும் சொல்லியிருக்காது அரவிந்த். சொல்ல வேண்டியதும் இல்லை. "உஸ்மான் ஜெயிக்க 75 சதவீத வாய்ப்பு" என்று ஒரு கணிப்பு மாடல் சொன்னால், நாலு முறைக்கு ஒரு முறை எட்வர்ட்ஸ் ஜெயிப்பார் என்றும் அதே வாயால் சொல்கிறது. அந்த ஒரு முறையைத்தான் நீ பார்த்தாய். ஒரே சண்டையை வைத்துக் கணிப்பு சரியா தப்பா என்று சொல்லவே முடியாது. 75 சதவீதம் என்று சொன்ன சண்டைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் முக்கால்வாசியில் அவர்கள் ஜெயித்திருந்தால் மாடல் நல்ல மாடல். எல்லாவற்றிலும் ஜெயித்திருந்தால்கூட மாடலில் குறை இருக்கிறது, ஏனென்றால் தெரிந்ததைவிடக் குறைவாகச் சொல்லியிருக்கிறது.

முருகேசன் மாமா: எங்கிருந்து தொடங்குவது பாப்பா? செஸ்ஸில் உள்ள எலோ ரேட்டிங் இதற்குச் சரிப்படுமா?

நிவேதா அக்கா: அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் மாமா.

முருகேசன் மாமா: அப்படியென்றால் அதை நான் சொல்கிறேன். அர்பாட் எலோ ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர். அவர் முறையை உலக செஸ் சம்மேளனம் 1970-இல் ஏற்றுக்கொண்டது. விஷயம் எளிது. இரண்டு பேருடைய ரேட்டிங் வித்தியாசம் 100 என்றால் மேலே இருப்பவருக்கு 64 சதவீதம், 200 என்றால் 76, 400 என்றால் 91. ஆட்டம் முடிந்ததும் புள்ளி கைமாறும். 1700 உள்ளவர் 1600 உள்ளவரை ஜெயித்தால், அதிகபட்சம் 32 புள்ளி என்று வைத்த கணக்கில், அவருக்குக் கிட்டத்தட்ட 12 தான் கிடைக்கும். 1600 உள்ளவர் ஜெயித்துவிட்டால் அவருக்கு 20 வரும். எதிர்பாராத முடிவுக்குத்தான் கூலி அதிகம்.

கவின்: சூப்பர் மாமா. ஜெயித்தவர், தோற்றவர், தேதி மட்டும் இருந்தாலே போடலாம் போலிருக்கிறதே.

நிவேதா அக்கா: போடலாம். ஆனால் செஸ்ஸில் ஒருவர் வருடத்துக்குப் பல டஜன் ஆட்டம் ஆடுவார். இவர்கள் இரண்டு மூன்று முறைதான் கூண்டுக்குள் வருவார்கள். ரேட்டிங் உண்மையான திறமையைப் பிடிப்பதற்குள் ஆளுக்கு வயதாகிவிடும். அதனால் எண்ணோடு சேர்த்து, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் வைக்க வேண்டும். மார்க் கிளிக்மேன் கொண்டுவந்த கிளிக்கோ முறை அதைச் செய்கிறது. ரொம்ப நாள் சண்டை போடாமல் இருந்தால் நிச்சயமின்மை கூடும், திரும்ப வந்து போட்டால் ரேட்டிங் பெரிதாக நகரும்.

அரவிந்த்: சரி அக்கா, இதற்கு என்ன சொல்வீர்கள்? 2022 ஜூலையில் அலெக்ஸ் பெரேரா ஷான் ஸ்டிரிக்லேண்டை முதல் ரவுண்டிலேயே நாக் அவுட் செய்தார். 2023 ஏப்ரலில் இஸ்ரேல் அடேசான்யா பெரேராவை நாக் அவுட் செய்தார். அதே வருடம் செப்டம்பரில் சிட்னியில் ஸ்டிரிக்லேண்ட் அடேசான்யாவை ஐந்து ரவுண்டும் முன்னால் நடந்தே துரத்தி, பட்டத்தைப் பறித்தார். இவர் அவரை ஜெயிக்க, அவர் மூன்றாமவரை ஜெயிக்க, மூன்றாமவர் இவரை ஜெயிக்கிறார். மூன்று பேரில் யார் ரேட்டிங் மேலே?

நிவேதா அக்கா: இதுதான் நல்ல கேள்வி. ஒற்றை எண்ணுக்கு இந்தச் சுழற்சி தெரியாது. அங்கேதான் உன்னைப் போலப் பழகுகிறவர்களின் கண் வேண்டும். யாருடைய பாணி யாருக்கு ஒத்துவராது என்பதைத் தனிக் காரணியாகச் சேர்க்க வேண்டும். இடது கை முன்னிறுத்துபவரா வலது கையா, கை நீளம், தரைக்கு இழுத்துப் போடுவதில் எத்தனை பலிக்கிறது, எதிராளி இழுக்க வரும்போது எத்தனை முறை தப்பிக்கிறார், இவையெல்லாம்.

கவின்: குத்துக் கணக்கும் கிடைக்கிறது அக்கா. யார் எத்தனை குத்து, எத்தனை டேக்டவுன், அதாவது தரைக்கு இழுத்துப் போட்டது, என்று ரவுண்ட் வாரியாக.

நிவேதா அக்கா: மொத்தத்தை எடுக்காதே கவின், நிமிடத்துக்கு எத்தனை என்று எடு. ஐந்து ரவுண்ட் நின்றவருக்குக் குத்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒரே நிமிடத்தில் ஆளைச் சாய்த்தவருக்கு நாலுதான் இருக்கும். போட்ட குத்தைவிட வாங்கிய குத்து முக்கியம் என்பது என் எண்ணம். அப்புறம் எதிராளி யார் என்று பார்க்காமல் எந்தச் சராசரியையும் நம்பாதே. நம் நாட்டு வீரர் அன்ஷுல் ஜுப்லியை எடுத்துக்கொள். ஏழு சண்டை, ஏழும் வெற்றி என்று 2023 அக்டோபரில் அபுதாபி போனார். எதிரே மைக் பிரீடன், யுஎஃப்சியில் அதுவரை மூன்று சண்டை, மூன்றும் தோல்வி. காகிதத்தில் 7-0 எதிர் 0-3. மூன்றாவது ரவுண்டில் பிரீடன் நாக் அவுட் செய்தார். பிரீடன் தோற்றது யுஎஃப்சி அளவு ஆட்களிடம், ஜுப்லி ஜெயித்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு வெளியே இருந்தவர்கள். எலோவின் நல்ல குணம், இந்த வித்தியாசத்தைத் தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் வெளியே நடந்த சண்டைகளையும் நீ ஊட்டியிருக்க வேண்டும்.

அரவிந்த்: அந்தச் சண்டையை நான் நேரலையில் பார்த்தேன். ரொம்ப வருத்தமாக இருந்தது. நம் ஊர் ஆள் ஒருவர் அந்த இடம் வரை போனதே பெரிய விஷயம்.

சுமதி அத்தை: அடிபட்ட பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறதா?

அரவிந்த்: நன்றாக இருக்கிறார் அத்தை, அதற்குப் பிறகும் சண்டை போட்டார். 2024-இல் பூஜா தோமரும் ஜெயித்தார், யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண். நடுவர்களில் இரண்டு பேர் அவர் பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம்.

கவின்: யூடியூபில் ஒருவர் தன் மாடல் 95 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்கிறாரே அக்கா. அவருடைய புரோகிராமையே எடுத்துக்கொள்ளலாமா?

நிவேதா அக்கா: எடுக்காதே. 95 என்று யாராவது சொன்னால், விடையைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு ஓட்டை வழக்கமாக இருக்கும். ஒன்று, தரவுப் பட்டியலில் ஜெயித்தவர் பெயரே முதலில் வரும். அப்படியே கொடுத்தால், "முதலில் பெயர் வருபவர் ஜெயிப்பார்" என்று மாடல் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். பெயர்களை இடம் மாற்றிக் கலைத்துவிடு. இரண்டாவது ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. வீரருடைய பக்கத்தில் இருக்கும் சராசரி இன்றைய தேதி வரைக்கும் உள்ளது. அதை வைத்து 2015 சண்டையைக் கணித்தால், 2016, 2017-இல் அவர் என்ன செய்தார் என்பதும் உள்ளே புகுந்துவிடும். ஒவ்வொரு சண்டைக்கும், அதற்கு முந்தைய நாள் வரை என்ன தெரியுமோ அதை மட்டும் கொடு. இது சலிப்பான வேலைதான், ஆனால் இந்த ப்ராஜெக்டின் உயிரே இதுதான்.

முருகேசன் மாமா: அப்படியென்றால் மதிப்பெண் எப்படிப் போடுவது? சரி, தப்பு என்று எண்ணினால் போதாதே.

நிவேதா அக்கா: வானிலைக்காரர் கிளென் பிரையர் 1950-இல் ஒரு வழி சொன்னார் மாமா. ஒரு வீரருக்கு 80 சதவீதம் என்று சொல்லி அவர் ஜெயித்தால் ஒன்றுக்கு மீதி 0.2, அதன் வர்க்கம் 0.04. தோற்றால் 0.8-இன் வர்க்கம், 0.64. எல்லாச் சண்டைக்கும் சராசரி போடு, குறைவாக இருந்தால் நல்லது. எதுவும் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஐம்பது ஐம்பது என்று சொன்னால் 0.25 வரும். கவின் மாடல் அதைவிடக் கீழே வர வேண்டும். வெளிநாட்டுப் பந்தய நிறுவனங்கள் வெளியிடும் விகிதத்தோடும் ஒப்பிட்டுப் பார். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை அத்தை, எண்ணை மட்டும் பார்ப்பதுதான். ஒருவருக்கு -400 (100 லாபத்துக்கு 400 கட்ட வேண்டும்) என்றால் 80 சதவீதம், எதிராளிக்கு +320 (100 கட்டினால் 320 லாபம்) என்றால் கிட்டத்தட்ட 24. கூட்டினால் 104. நூறுக்கு மேல் மிஞ்சும் அந்த 4 சதவீதம்தான் நிறுவனத்தின் லாபம், அதைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

சுமதி அத்தை: பார்த்தால் மட்டும் சரி.

அரவிந்த்: ஒரு சந்தேகம். ஜான் ஜோன்ஸ் 2009-இல் மேட் ஹேமிலை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தபோது, முழங்கையை மேலிருந்து நேர் கீழாக இறக்கினார் என்று தகுதிநீக்கம் செய்தார்கள். அந்த முழங்கைத் தடையையே 2024-இல் எடுத்துவிட்டார்கள். அந்தத் தோல்விக்கு அவர் ரேட்டிங்கைக் குறைப்பதா?

நிவேதா அக்கா: நானாக இருந்தால் அந்தச் சண்டையை ரேட்டிங்கில் சேர்க்கவே மாட்டேன். பதிவேட்டில் தோல்வியாக இருக்கட்டும். திறமையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. இப்படி உள்ளதை எல்லாம் தனியாகக் குறித்து வை கவின், ரிப்போர்ட்டில் காரணத்தோடு எழுது. திடீரென்று மாற்று ஆளாக வந்தவர்களையும் குறித்துக்கொள். 2016 மார்ச்சில் நேட் டயஸ் கடைசி நேரத்தில் ஒப்புக்கொண்டு வந்து நட்சத்திர வீரர் கானர் மெக்ரெகரை இரண்டாவது ரவுண்டில் கழுத்தைப் பிடித்து நெரித்து ஜெயித்தார். அந்த மாதிரி சண்டைகளில் மாடலின் நம்பிக்கையைக் குறைத்துவிட வேண்டும்.

கவின்: முதல் முறையாக யுஎஃப்சிக்கு வருபவருக்கு என்ன ரேட்டிங் கொடுப்பது அக்கா? எல்லாருக்கும் 1500 தானா?

நிவேதா அக்கா: 1500-இல் தொடங்கு, நிச்சயமின்மையைப் பெரிதாக வை. 2018 வரையுள்ள சண்டைகளில் மாடலைப் பழக்கு, அதற்குப் பிறகு உள்ளவற்றில் சோதனை செய். சோதனைக்கான அந்த வருடங்களை இப்போது தொடவே கூடாது.

முருகேசன் மாமா: முதல் ஐந்து சண்டைக்கு அதிகபட்சப் புள்ளியை 32-க்குப் பதில் 64 வைத்தும் ஒரு முறை ஓட்டிப் பார் மாப்பிள்ளை. இரண்டில் எதற்கு பிரையர் குறைவாக வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம். ஷீட்டை எனக்கும் அனுப்பு.

அரவிந்த்: ஷீட்டில் பாணிக்கான கட்டங்களை நான் நிரப்புகிறேன். முதலில் லைட்வெயிட் எடைப் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்வோம் கவின், அந்த எடையில் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

கவின்: சரி அண்ணா. இன்று ராத்திரி ஷீட் போட்டு மூன்று பேருக்கும் அனுப்புகிறேன்.