ரதி ஒப்பாரி முழுசாத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில (தொழிலாளர் வரிசை வீட்டுல) பிறந்தவன் நான். தோட்டத்து மக்கள்ல பலரை இந்தியாவுக்கு அனுப்பின 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால பிரிஞ்சுபோன அக்கா தங்கச்சியைப் பற்றி நாடகம் எழுதுறேன். அக்கா தலைமன்னார்ல கப்பலேறினா, தங்கச்சி இங்கேயே கொழுந்து பறிச்சா. எங்க அப்பாயி கதைதான், மறைக்க என்ன இருக்கு!

வாசிச்ச நண்பர், "கொழும்பு மேடைக்குன்னா பேச்சை நூல் தமிழுக்கு மாத்துங்க"ன்றார். பெரட்டுக்களத்துல (காலையில வேலை பிரிச்சுக் கொடுக்கிற இடத்துல) நின்ன பொம்பளை அப்படிப் பேசுவாளா? எனக்கு மனசு ஒப்பல. நீங்க என்ன சொல்றீங்க?

இன்னொண்ணு. பிரியிற காட்சியில, காமன் கூத்துல மன்மதன் எரிஞ்சதும் ரதி அழுற ஒப்பாரியை வைக்கணும். எங்க தோட்டத்துல மாசி மாசம் ஆடுறது நின்னுபோச்சு, பாடின பெரியவரும் இல்ல. பதுளை, மஸ்கெலியா பக்கம் யாருக்காவது தெரிஞ்சா இன்பாக்ஸ் வாங்க. தப்பு (பறை) அடியோட ஒலிப்பதிவு கிடைச்சா இன்னும் நல்லது.