அப்பாவோட வாட்ச்: மோட்டார்ல போனா ஸ்டெப் ஏறுது, தள்ளுவண்டி தள்ளினா ஏற மாட்டேங்குது

செம்பனைக்காட்டுப்பொண்ணு (சுங்கை சிப்புட்):
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்). கிளினிக்ல தினம் நடக்கச் சொன்னாங்க, அதான் கையில கட்டுற ஸ்மார்ட் வாட்ச் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்துல பழக்குலை ஏத்துற வேலை. விடியக்காலையில செம்மண் ரோட்டுல மோட்டார் சைக்கிள்ல பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்கிற இடம்) போவாரு. அங்க இறங்குறதுக்குள்ளயே வாட்ச்ல நூத்துக்கணக்குல ஸ்டெப் ஏறிடுது. அதுக்கப்புறம் மதியம் வரைக்கும் குலை அடுக்கின தள்ளுவண்டியைச் சேத்துலயும் மேட்டுலயும் தள்றாரு, அப்போ ஏறவே மாட்டேங்குது. சாயங்காலம் பாடாங்ல (திடல்ல) கையை வீசி நடந்தா மட்டும் சரியா காட்டுது.

ரீஸ்டார்ட், அப்டேட், உயரம், எடை, வாரை இறுக்கிக் கட்டுறது எல்லாம் பார்த்தாச்சு. சட்டை முதுகுல உப்பு பூத்து, கையெல்லாம் முள்ளு கீறி வீட்டுக்கு வர்ற மனுஷன் வாட்சைப் பார்த்துட்டு, "நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்னு டாக்டர் நெனைப்பாரே"ன்னு கேக்குறாரு. எனக்குத் தாங்கல. வாட்ச் கெட்டுப் போச்சா, இல்ல கட்டுற முறையில ஏதாவது இருக்கா?

ரிப்பேர்கடை (கோலகங்சார்):
தங்கச்சி, வாட்ச் நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் காலு தெரியாது, மணிக்கட்டு மட்டும்தான் தெரியும். உள்ள இருக்கிற ஆக்ஸிலரோமீட்டர் மூணு திசையிலயும் அசைவை அளக்கும். சீரா வந்து வந்து போற அசைவை ஸ்டெப்னு எண்ணிக்கும். வண்டிப் பிடியை இறுக்கிப் பிடிச்சா கை ஆடாது, எண்ணிக்கை விழாது. சூப்பர்மார்க்கெட்ல டிராலி தள்றவங்களுக்கும் இதே கதைதான். மோட்டார்ல குண்டும் குழியுமா போறப்போ ஹேண்டில் குலுங்குது, அதை நடைன்னு எடுத்துக்குது.

இன்னொண்ணும் இருக்கு. கொஞ்சம் ஸ்டெப் தொடர்ந்து வந்தாத்தான் பல வாட்சுங்க எண்ண ஆரம்பிக்கும். செம்பனை மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் இடைவெளி. அப்பா நாலு எட்டு வைப்பாரு, நிப்பாரு, குனிஞ்சு குலையைத் தூக்குவாரு, மறுபடி நாலு எட்டு. அந்தத் துண்டு நடையில பாதி கணக்குலயே வராது.

முதல்ல சோதிச்சுப் பாருங்க. வாயால எண்ணிக்கிட்டே 200 ஸ்டெப் கை வீசி நடக்கச் சொல்லுங்க, முன்னும் பின்னும் வாட்ச் எண்ணைக் குறிச்சுக்குங்க. அப்புறம் வண்டி தள்ளிக்கிட்டு 200. பிறகு வாட்சைக் கணுக்கால்லயோ, சிலுவார் (கால்சட்டை) முன் பாக்கெட்லயோ வச்சு அதையே செய்யுங்க. இடது கை, வலது கை செட்டிங் இருந்தா எந்தக் கைன்னு சரியா குறிங்க. செட்டிங்ல காலடி நீளத்தை மாத்துறதால ஸ்டெப் மாறாது, கிலோமீட்டர்தான் மாறும். மோட்டாருக்கு வழி: இறங்கினதும் வாட்ச்ல இருக்கிற எண்ணைப் பார்த்துக் கழிச்சிடுங்க.

தாமான்வாசி:
போன்லயும் ஹெல்த் ஆப் ஓடுதான்னு பாருங்க. சில ஆப்ல போன் எண்ணினது, வாட்ச் எண்ணினது ரெண்டும் சேர்ந்திடும். ஏதாவது ஒண்ணை மட்டும் விடுங்க.

செம்பனைக்காட்டுப்பொண்ணு:
அண்ணே, ரொம்ப நன்றி. சோதிச்சோம். கை வீசி நடந்தப்போ 200க்கு 196. வண்டி தள்ளினப்போ 31தான்! கணுக்கால்லயும் பாக்கெட்லயும் 190க்குக் கிட்ட வந்துச்சு. அப்பா அந்த எண்ணைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே. பூட்ஸுக்குள்ள கணுக்கால்ல கட்டிக்கவான்னு கேக்குறாரு.

வார்டுநர்ஸ் (ஈப்போ):
கணுக்கால் வேண்டாம்மா, தயவுசெஞ்சு. இனிப்புநீர் இருக்கிறவங்களுக்குக் கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். ரப்பர் பூட்ஸுக்குள்ள வார் உரசிப் புண்ணானாலும் தெரியாது, தெரியும்போது சீழ் பிடிச்சிருக்கும். பாக்கெட்டே போதும். தினமும் பூட்ஸைக் கழட்டினதும் விரலிடுக்கு, பாதம், குதிகால் எல்லாத்தையும் வெளிச்சத்துல பாருங்க.

10,000 ஸ்டெப்ங்கிறதை மனசுல போட்டுக் குழப்பிக்க வேண்டாம். 1965ல ஜப்பான்ல வித்த ஒரு நடைமானியோட பேர்ல இருந்து வந்த எண் அது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு. குலை வண்டி தள்றது உழைப்பு இல்லாம வேற என்ன? டாக்டர்கிட்ட ஸ்டெப்போட சேர்த்து, "காலையில இருந்து மதியம் வரைக்கும் இந்த வேலை"ன்னு வாயாலயும் சொல்லுங்க. மருந்து அளவு முடிவு பண்ண அதுவும் அவருக்குத் தெரியணும். ஊசியோ, சர்க்கரையை இறக்குற சில மாத்திரையோ எடுக்கிறவங்க பசியாறாம இவ்வளவு பாரம் தள்ளினா சர்க்கரை சடார்னு இறங்கிடும். கை நடுக்கம், வேர்வை, தலைசுத்தல் வந்தா வண்டியை விட்டுட்டு உடனே சர்க்கரைத் தண்ணியோ மிட்டாயோ சாப்பிடணும். கூட வேலை செய்றவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

செம்பனைக்காட்டுப்பொண்ணு:
சரிக்கா, கணுக்கால் வேண்டாம்னு சொல்லிட்டேன். குனியும்போது வாட்ச் விழாம இருக்க அம்மா வேலை சிலுவார் முன் பாக்கெட்டுக்குப் பட்டன் வச்சுத் தைச்சுட்டாங்க. மிட்டாய்ப் பொட்டலமும் அதுலயே இருக்கும். அப்பாகூட ஒரே வரிசையில வேலை செய்ற மாமாகிட்ட நானே பேசுறேன்.